தராசில் இளைத்த பலகை

எங்கள் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் 'மிதப்பு' என்று பெயர். குடிப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். டீயைத் தவிர வேறொன்றும் அவர் தொண்டையில் இறங்கியதில்லை. ஆனால் மனுஷன் தரையில் கால் பாவி நடப்பவரும் இல்லை. டீ குடித்து முடித்த தம்ளரைக் கழுவக் கொடுக்கமாட்டார். கண்ணுக்கு நேரே சாய்த்துப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். "என்னங்க, உள்ளே ஈ கீ விழுந்துடுச்சா?" என்று கேட்டால், "இல்லம்மா. உள்ளே இருக்கிற காலி இடத்தைப் பார்க்கிறேன். என்ன வடிவா இருக்கு பாரு" என்பார். சிங்க் நிறையப் பாத்திரம் கிடக்கும். நான் அந்தக் காலி இடத்தைப் பிடுங்கிக் கழுவி வைப்பேன்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, வேலை அப்படி. அவர் வேலை செய்வது இரும்பு உருக்கித் தண்ணீர் பம்பு வார்க்கிற பட்டறையில். அங்கே அவர் பேட்டர்ன் செய்கிறவர். இரும்பில் எது வரவேண்டுமோ அதை முதலில் அச்சு அசலாக மரத்தில் செய்து தருவார். அந்த மர உருவத்தை மணலில் புதைத்து இறுக்கி, பிறகு பூப்போல வெளியே எடுத்துவிடுவார்கள். மணலில் அதன் பள்ளம் நிற்கும். அந்தப் பள்ளத்தில் இரும்புக் குழம்பை ஊற்றினால் பம்பு. மரம் திரும்ப அலமாரிக்குப் போய்விடும்.

நானும் அதே பட்டறைதான். கீழே கோர் ஷாப்பில் எனக்கு ஒரு பெஞ்சு. பம்பு என்றால் உள்ளே தண்ணீர் ஓட இடம் வேண்டுமே, முழு இரும்பாக வார்த்துவிட்டால் அம்மிக்கல்லுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அந்த உள் இடத்தின் வடிவத்தை மணலில் செய்து, அடுப்பில் சுட்டு, வார்க்கும்போது நடுவில் வைப்பார்கள். அதுதான் கோர். இரும்பு ஆறிய பிறகு மணலை உடைத்துக் கொட்டிவிடுவார்கள். ஆக, அவர் செய்ததும் பம்பில் இருக்காது, நான் செய்ததும் இருக்காது. "நாம ரெண்டு பேரும் இல்லாததைச் செய்யிறவங்கம்மா" என்று ஒருநாள் சொன்னார். சம்பளம் மட்டும் இருக்கிறதாக வந்தால் சரி என்றேன்.

அவருடைய மிதப்புக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். இரும்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் பேட்டர்னைத் துளி பெரிதாகச் செய்யவேண்டும். அதற்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு நம் பள்ளிக்கூட ஸ்கேல்தான், ஆனால் ஒவ்வொரு கோடும் ஒரு மயிரிழை தள்ளி இருக்கும். எங்கள் சமையலறையில் இரண்டு சுவருக்கு நடுவே ஒரு தட்டுப் பலகை வேண்டும் என்று நச்சரித்து நச்சரித்து ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். சுவரை வீட்டு டேப்பால் அளந்தார். பலகையைப் பட்டறை அளவுகோலால் அறுத்தார். கொண்டுவந்து வைத்தால் நுழையவே இல்லை. நான் இடுப்பில் கைவைத்து நிற்கிறேன். அவர் பலகையைத் தடவியபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஆறட்டும்மா, தானா உட்காரும்" என்கிறார். மரப்பலகை ஆறுவதாவது! எங்கள் மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். அப்புறம்தான் அவருக்கே உறைத்து, இழைப்புளி எடுத்து ஓரத்தைச் சீவினார்.

மாடியில்தான் பேட்டர்ன் ஷாப். மதிய இடைவேளையில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஏறுவேன். கீழே எங்கள் பக்கம் எல்லாம் கருப்பு. மணல், கரி, எண்ணெய். மேலே ஏறினால் கண் கூசும். பெரிய பெரிய ஜன்னல்கள், வெயில் சாய்வாக விழும், அந்த வெயிலுக்குள் மரத்தூள் இறங்காமல் அப்படியே நின்றுகொண்டிருக்கும். தரை முழுக்க இளமஞ்சள் சுருள்கள், கால் வைத்தால் சத்தமே வராது. இரும்பு உடைக்கிற சத்தம்கூட அங்கே வருவதற்குள் களைத்துப் போய்விடும். சாப்பிட்டதும் எனக்குத் தூக்கம் சொக்கும். அவர் மட்டும் ஒரு கட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதன் முதுகைத் தடவிக்கொண்டிருப்பார். குமிழ்க் கட்டை.

அவருக்குக் குமிழ் மரம் என்றால் உயிர். வெண்ணெய் நிறம், ரேகை அடங்கியிருக்கும், உளி வைத்தால் முரண்டு பிடிக்காமல் வழிவிடும், ஆணி அடித்தால் பிளக்காது. எல்லாவற்றையும்விட, எடை இல்லை. தேக்கில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கலாம், அவ்வளவுதான். "புத்தகத்துல இதை வன்மரம்னு சேர்த்திருக்காங்கம்மா. அகல இலை இருந்தா வன்மரமாம், கனத்தை யாரும் கேக்கிறதில்லை" என்று சொல்லிச் சிரிப்பார். துடுப்பு செய்வார்கள், மேளத்துக்குக் குடைவார்கள், பொம்மை கடைவார்கள், கால் போனவர்களுக்குக் கட்டைக் கால் செய்வார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார்; அரைத் தூக்கத்தில் எனக்கு ஆற்றில் ஒரு படகும் அதில் மேளத்தோடு ஒற்றைக் கால்காரர் ஒருவரும் போவதுபோல இருக்கும்.

"அப்போ தேக்கு மட்டமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சேச்சே. தேக்கு மாமனார் மாதிரி. மரியாதை உண்டு, ஆனா ஒரு வேலை சொல்ல முடியுமா? குமிழ் மச்சினன். தோள்ல கைபோட்டு இழுத்துக்கிட்டுப் போகலாம்."

"எங்கப்பா காதுல விழட்டும்" என்றேன்.

மாமனார் ஒருவரிடம் நான் தினமும் அகப்பட்டுக்கொண்டிருந்தேன். என் பெஞ்சில் இருந்த கோர் பெட்டி தேக்கு. மணலை உள்ளே போட்டு இடித்து நிரப்பி, தகட்டின்மேல் கவிழ்த்து, பக்கத்தில் இரண்டு தட்டு தட்டி, பெட்டியை மட்டும் நேராக மேலே தூக்கவேண்டும். கோர் தகட்டில் அப்படியே நிற்கும். துளி கோணினாலும் விளிம்பு உதிரும். அடுத்த கோர், அடுத்த கோர் என்று சாயங்காலம் வரை இதேதான். இந்தத் தூக்கலில்தான் என் வலது மணிக்கட்டு போனது. முதலில் சுருக்கென்றது. பிறகு தலை வாரும்போது சீப்பு நழுவியது. பிறகு தோசை திருப்ப இடது கை வந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்து, "கனம் தூக்குறதை நிறுத்துங்கம்மா" என்றார். சுலபமாகச் சொல்லிவிட்டார். மூச்சு விடுறதை நிறுத்துங்க என்பதுபோல.

போர்மேன் கெட்டவர் இல்லை. ஆனால் கண் உள்ளவர். நான் பெட்டி தூக்கும்போது உதட்டைக் கடிப்பதைப் பார்த்துவிட்டார். "முடியலேன்னா சொல்லும்மா, பேக்கிங் பக்கம் போட்டுடறேன்" என்றார். பேக்கிங் என்றால் என்ன தெரியுமா? வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் வாசலோடு அனுப்புவார்கள். பெஞ்சு அப்படி இல்லை. பெஞ்சுக்காரி என்றால் மணலைப் பிடித்த பிடியிலேயே ஈரம் சொல்வாள், வார்க்கிறவர்கள் வந்து அவளிடம் கேட்டுப் போவார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே நான் வாங்கிய இடம் அது. அதை விட்டுப் போக எனக்கு மனசில்லை. யாரிடமும் காட்டவில்லை, வீட்டில் மட்டும் வெடித்தேன்.

"ஊருக்கெல்லாம் பேட்டர்ன் செய்யிற மகராசன், கட்டினவ கைக்கு ஒரு பெட்டி செய்யத் துப்பில்லை!"

அவர் மறுநாள் போர்மேனிடம் கேட்டுக் குமிழில் ஒரு பெட்டி செய்ய அனுமதி வாங்கிவிட்டார். மரக்கடையிலிருந்து ஒரு பருத்த கட்டை வந்தது. கட்டையைக் காதில் வைத்துத் தட்டினார், முகர்ந்தார், குழந்தையைப்போல் கையில் ஏந்திக்கொண்டு மாடி ஏறினார். பெட்டியும் வந்தது. என்ன லேசு! ஒரு வாரம்கூட இருக்காது, நான் ராணி மாதிரி வேலை செய்தேன்.

குமிழுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்துவிட்டால் மழையோ வெயிலோ, நெளியாது, விரியாது. கோடு போட்டால் கோட்டில் நிற்கும். ஆனால் காய்வதில் மகா அழுத்தம். மேலே தொட்டால் சுக்குபோல இருக்கும், நடுவில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். இது எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். ஆனால் மனுஷனுக்கு அன்றைக்குக் கண் தெரியவில்லை. அந்த வெண்ணெய் நிறத்தைப் பார்த்ததும் என் கை அதைத் தூக்குவதாகவே கனவு கண்டுகொண்டு, காயக் காத்திராமல் அறுத்துவிட்டார். என் பெஞ்சோ சுடும் அடுப்புக்குப் பக்கத்தில். உள்ளே இருந்த ஈரம் அனலில் வெளியேறியது, பெட்டி மெல்ல மெல்ல முறுக்கிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத முறுக்கு. இரும்பு ஊற்றி உடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பம்புக்கு ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் அப்பளம். வரிசையாக அத்தனையும் உடைபட்டுத் திரும்ப உலைக்குப் போயின.

போர்மேன் பெட்டியைச் சமதளத்தில் வைத்து விரலால் அமுக்கினார். நொண்டி நாற்காலி மாதிரி டொக் டொக் என்றது. "மிதப்பு, உன் பெட்டி ஆடுதுப்பா" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. என்னிடம் திரும்பி, "சீசன் ஆர்டர் வர்ற வரைக்கும் பழைய பெட்டியிலேயே ஓட்டும்மா. அது வந்ததும் பெஞ்சுல தூக்கற கைதான் வேணும், எனக்கு வேற வழியில்லை" என்றார். திரும்பவும் தேக்கு. வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிருந்தது. திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

மீதிக் கட்டையை அவர் மெல்லிய பலகைகளாக அறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் காயும், பிறகு ஒன்றன்மேல் ஒன்றை ரேகை மாற்றி ஒட்டிக்கொள்ளலாம் என்றார். முனைகளில் மெழுகு பூசினார். முனை முந்திக் காய்ந்தால் வெடிக்குமாம். எங்கள் கட்டிலுக்கு அடியில் குச்சிகள் போட்டு, காற்றுப் போகிற மாதிரி அடுக்கினார். அதற்குமேல்தான் நாங்கள் படுத்தோம். பெருக்கப் போனால் துடைப்பத்தைப் பிடித்துக்கொள்வார். "தூங்கிட்டிருக்கும்மா, மெதுவா."

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? அவரிடம் ஒரே வழிதான். அடுக்கில் இருப்பதிலேயே கனமான பலகையை எடுத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் போவார். அங்கே எண்கள் ஓடி நிற்கிற தராசு இருக்கிறது. ஈரம் வெளியேறும்வரை எடை குறைந்துகொண்டே வரும். குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது. நானும் கூடப் போவேன். அழுக்குச் செய்தித்தாள் மூட்டைகளுக்கும் உடைந்த பக்கெட்டுகளுக்கும் நடுவே அந்தப் பலகையை அவர் தராசில் படுக்கவைப்பார். எண்கள் நடுங்கும். கடைக்காரரோடு சேர்த்து எங்கள் மூன்று பேர் தலையும் குனியும்.

"ஐயோ பாவம், இன்னைக்கும் இளைச்சிருக்காரு" என்பார் கடைக்காரர். "வீட்ல சரியா சோறு போடறதில்லையா தங்கச்சி?"

"போட்டா மட்டும் ஒட்டுதாண்ணே? இவரோட எஜமானரையே பாருங்க, எலும்பும் தோலுமா" என்பேன்.

எல்லாரும் சிரிப்போம். திரும்பி நடக்கும்போது எனக்கு அழுகை முட்டும். வாரம் போய்க்கொண்டிருந்தது. பட்டறையில் பக்கத்து பெஞ்சு அக்கா தன் வேலையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முறையும் என் பெட்டிக்கு ஒரு பக்கம் கை கொடுத்தாள். "பேசாம தூக்குடி" என்பாள், அவ்வளவுதான். ஆனால் அவளும் எத்தனை நாள் செய்வாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் பலகைகளை இழுத்துக்கொண்டுபோய் மொட்டை மாடி வெயிலில் பரப்பிவிட்டேன். அவர் வந்து பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து நிழலுக்குக் கொண்டுபோனார். கடைசிப் பலகையை நான் விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு எத்தனை வாரம்ங்க? ஆர்டர் உங்களுக்காகக் காத்திருக்குமா? என் பெஞ்சு போயிடும், தெரியுதா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"அப்புறம்?"

"ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும்மா. போன தடவை நான் பொறுக்கலை. வெயில்ல போட்டா வெடிச்சிடும். ரெண்டாவது தடவை உன்னைக் கவுத்துடுவேனோன்னு எனக்குத் தூக்கமே வர்றதில்லை."

நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் கட்டிலில் கண் திறந்து கிடப்பது வழக்கமான மிதப்பு என்று. பிடித்திருந்த முனையை விட்டுவிட்டேன்.

மழைக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. வானம் இறங்கி வந்து கடை வாசலில் உட்கார்ந்திருந்தது. போர்மேன் அன்று காலைதான் சொல்லியிருந்தார், திங்கள்கிழமையிலிருந்து பெரிய ஆர்டர், புது ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று. பலகை தராசில் படுத்தது. எண்கள் ஓடின, நின்றன. போன வாரமும் அதே எண்தான். ஒரு வாரத்தை நம்பக்கூடாது என்று அவர் அறுக்கவில்லை. இப்போதும் அதே எண். கடைக்காரர் பலகையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே எண்.

"நின்னுடுச்சுங்க!" என்று கத்தினார். "உங்காளு இனிமே இளைக்கமாட்டார்!"

எங்கள் வீட்டுக்காரர் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். நான் இரண்டு செருப்பையும் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஞாயிறு முழுக்க அவர் மாடி ஷாப்பிலேயே இருந்தார். திங்கள் காலை பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து என் பெஞ்சில் வைத்தார். தேய்கிற விளிம்புகளுக்கெல்லாம் பித்தளைத் தகடு பதித்திருந்தார். உள்பக்கம் மெருகில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. போர்மேன் வந்து சமதளத்தில் வைத்து அமுக்கினார். ஆடவில்லை. ஓரமாகப் புது ஆள் ஒருத்தி, சின்னப் பெண், தன் சாப்பாட்டுப் பையை விடாமல் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"போடும்மா பார்ப்போம்" என்றார் போர்மேன்.

மணலை அள்ளி நிரப்பினேன். இடித்தேன். வழித்தேன். தகட்டில் கவிழ்த்தேன். பக்கத்தில் தட்டினேன். இத்தனை வாரம் தேக்கைத் தூக்கித் தூக்கி, முதல் குமிழ்ப் பெட்டியின் லேசு கைக்கு மறந்தே போயிருந்தது; வலிக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, எப்போதும் போடுகிற பலத்தையெல்லாம் தோளிலிருந்து இறக்கித் தூக்கினேன்.

பெட்டி பறந்தது. என் கையை விட்டுத் தலைக்குமேல் போய், பின்னால் நின்ற அக்காவின் மணல் குவியலில் பொத்தென்று விழுந்தது. "அடிப்பாவி, கொல்லப் பார்த்தியே!" என்று அவள் அலறினாள். மொத்த கோர் ஷாப்பும் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சின்னப் பெண்கூடச் சிரித்தாள். தகட்டின்மேல் கோர் ஒரு விளிம்பு உதிராமல் நின்றுகொண்டிருந்தது. போர்மேன் குனிந்து அதன் கழுத்துக்கு அளவுத் தகட்டை வைத்துப் பார்த்தார், சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தார். "சரியா இருக்கு. அடுத்ததைப் போடும்மா" என்று சொல்லிவிட்டு, அந்தச் சின்னப் பெண்ணைப் பக்கத்துக் கூடத்து வேலைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இரண்டு கையும் இன்னும் மேலேயே இருந்தன. அத்தனை வருஷமும் எவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்று, தூக்க ஒன்றும் இல்லாதபோதுதான் எனக்குத் தெரிந்தது. யாருமே சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை, வேலை என்றால் இப்படித்தான் வலிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரர் பதறிப்போய் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, ரொம்ப வலிக்குதா?"

"வலிக்கலைங்க" என்றேன். "அதான் அழறேன்."